உபயம் எழுத இடமில்லாத பணம்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசி வருஷம் பாதி நாள் உப்பளத்தில்தான் கிடந்தேன். ஆனாலும் தூத்துக்குடியிலிருந்து ஆறுமுகநேரி வரைக்கும் உப்புத் தொழிலில் இருக்கிற யாரிடம் வேண்டுமானாலும் என்னைப் பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள். தலையில் உப்புக் கூடை சுமந்தேன். பிறகு தரகு பார்த்தேன். பிறகு ஒரு ஓட்டை லாரியை வாங்கி நானே ஓட்டினேன். இன்றைக்கு என் புக்கிங் ஆபீஸ் வாசலில் வரிசையாக லாரிகள் நிற்கின்றன. மாமனார் வீட்டிலிருந்து ஒரு ரூபாய் வாங்கியவன் இல்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமும் இல்லை. நான் சொல்லாவிட்டால் யார் சொல்லப் போகிறார்கள்?

சம்பாதித்ததைக் கொடுத்தும் இருக்கிறேன். பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டுச் சுவரில் என் பெயர் இருக்கிறது. கோயில் மண்டபத்து மின்விசிறிகளில் ஒவ்வொரு இறக்கையிலும் உபயம் என்று போட்டு என் பெயர் எழுதியிருக்கிறது. சுற்றுகிறபோது தெரியாது, கரண்ட் போனால் தெளிவாகத் தெரியும். சுடுகாட்டுக் கொட்டகையில்கூடப் பெயர் போட்டிருக்கிறார்கள். அது வேண்டாம் என்று வீட்டில் சொன்னாள். நான்தான் இருக்கட்டும் என்றேன்.

அப்பேர்ப்பட்ட நான் உபயம் எழுத இடமே இல்லாத ஒரு காரியத்துக்குப் பணம் கொடுத்தேன். நடந்தது நல்லதா கெட்டதா என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. எழுதிப் பார்த்தாலாவது தெளிகிறதா பார்ப்போம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் மகனிலிருந்து தொடங்க வேண்டும். அவன் கப்பலில் இன்ஜினியராக இருந்தவன். எங்கள் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். லீவில் வந்தவன் திரும்பிப் போகவில்லை. மாடி அறைக்குள் போய்ப் படுத்தான். அவ்வளவுதான். குளிக்கவில்லை, சவரம் செய்யவில்லை, யாரோடும் பேசவில்லை. அவன் அம்மா சாப்பாட்டுத் தட்டைக் கதவுக்கு வெளியே வைப்பாள். பாதி நாள் தட்டு அப்படியே இருக்கும். அலுப்பு என்று நினைத்தேன். பிறகு திமிர் என்று நினைத்தேன். மாடிப்படியில் நின்று கத்தியும் பார்த்தேன். குலதெய்வத்துக்குக் கிடா வெட்டினோம். ஒன்றும் அசையவில்லை. எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்ட ஆளைச் சொல்ல ஒரு சொல் உண்டு, கோட்டி. பைத்தியம் என்று அர்த்தம். தெருவில் நான் நடந்து போகும்போது யாராவது பேச்சை நிறுத்தினால், அந்தச் சொல்லைத்தான் விழுங்குகிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

அந்தச் சமயத்தில்தான் அந்த டாக்டர் அம்மா எங்கள் வியாபாரிகள் சங்கத்துக்கு வந்தார். சாயர்புரத்துப் பக்கத்துப் பெண். வெளியூரில் படித்துவிட்டு, மனநோய்க்கு வைத்தியம் பார்க்கத் தூத்துக்குடிக்கே திரும்பி வந்தவர். எங்கள் வியாபாரிகளுக்குள் மகமை என்று ஒரு வழக்கம் இருக்கிறது. மூட்டைக்கு இவ்வளவு என்று ஒவ்வொருவரும் பொதுவில் போட்டுவிடுவோம். கோயில் கொடைத் திருவிழா, பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் எல்லாம் அந்தப் பணத்தில் வந்ததுதான். உப்பளத்து வேலைக்காரர்களும் கூலியில் கொஞ்சம் போடுவார்கள். போட்டவர் எல்லாருக்கும் அதில் உரிமை உண்டு. அந்த மகமைக்கு நான் தலைவர். அதனால் டாக்டர் என்னைப் பார்க்க வந்தார்.

உப்பளத்திலும் துறைமுகத்திலும் கடலிலும் வேலை பார்க்கிற நம் ஆட்களில் எத்தனையோ பேர் துக்கத்திலும் குடியிலும் முடங்கிப் போகிறார்கள் என்றார். வைத்தியத்துக்கு இரண்டு வழி இருக்கிறதாம். ஒன்று, நோயாளி கிளினிக்குக்கு வந்து டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கிப் போவது. இன்னொன்று, அதோடு கூட, பயிற்சி கொடுத்த ஒரு பெண் வாராவாரம் வீட்டுக்கே போய், பேச வைத்து, குளிக்க வைத்து, நாலு எட்டு நடக்க வைப்பது. இரண்டாவது வழிக்குச் செலவு கூட. அந்தச் செலவுக்குத் தகுந்த குணம் நம் ஆட்களுக்குக் கிடைக்கிறதா என்று யாரும் ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்த்ததில்லையாம். கிடைக்காவிட்டால் அந்தக் காசுக்கு இன்னும் நிறையப் பேருக்கு மருந்து வாங்கலாம். கிடைக்குமென்றால் ஒவ்வொரு ஊரிலும் பெண்களைப் பழக்கலாம். அதைப் பார்க்கத்தான் பணம் வேண்டும் என்றார்.

நான் என் வழக்கப்படி கேட்டேன். “கட்டடம் எதுவும் கட்டப் போறியளா?”

“இல்ல அண்ணாச்சி.”

“மெசினு?”

“அதுவும் இல்ல. முடிவுல ஒரு பதில் கிடைக்கும். அதுக்குத்தான் செலவு.”

“பதிலுல எங்கன பேரு எழுத?”

அவர் சிரித்தார். நான் சிரிப்புக்குக் கேட்கவில்லை. மெய்யாகவே எனக்கு விளங்கவில்லை.

ஆனாலும் மாடி அறை என் நெஞ்சில் கனத்தது. பதில் என்று ஒன்று இருக்குமானால் அது முதலில் என் வீட்டுக்குத்தானே வேண்டும்? சங்கக் கூட்டத்தில் பேச்சை எடுத்தேன். மளிகை மொத்த வியாபாரி ஒருவர் எதிர்த்தார். எனக்குத் தொழிலில் போட்டி இல்லாதவர், ஆனால் பேச்சில் போட்டி உண்டு. “கோட்டிக்காரனுவளுக்குள்ள பந்தயம் வைக்கப் போறாரு போல” என்றார். நாலு பேர் சிரித்தார்கள். எழுந்து நின்று உப்புக் கணக்கில் சொன்னேன். உப்பு அம்பாரம் வாங்கப் போகிறவன் விற்கிறவன் அள்ளிக் காட்டுகிற மாதிரியைப் பார்த்தா விலை பேசுவான்? தன் கையை விட்டு, மேலே கொஞ்சம், நடுவில் கொஞ்சம், அடியில் கொஞ்சம் என்று எடுத்தால்தானே சரக்கு தெரியும்? அதேபோல டாக்டர் இஷ்டத்துக்கு ஆளைப் பிரிக்காமல் சீட்டுப் போட்டுப் பிரிக்கிறார். ஒரு கூட்டம் இந்தப் பக்கம், ஒரு கூட்டம் அந்தப் பக்கம். பிறகு இரண்டையும் பார்ப்பது. இதில் என்ன பந்தயம்? இப்படிச் சொன்னதும் சிரித்தவர்களே தலையாட்டினார்கள். டாக்டர் அம்மாகூட இவ்வளவு நன்றாக நான் சொன்னதில்லையே என்றார். பாதிச் செலவு மகமை, மீதி என் சொந்தக் காசு என்று முடிவாயிற்று.

சீட்டைப் பற்றி இப்படியெல்லாம் பேசிய நான்தான் மறுநாள் டாக்டரிடம் போய் நின்றேன். என் மகனையும் இதில் சேர்க்க வேண்டும் என்றேன். அவனுக்கு இதற்கு வெளியிலேயே வைத்தியம் பார்க்கிறேன், எந்தக் குறையும் வராது, பணம் கொடுக்கிறவர் வீட்டுப் பிள்ளை உள்ளே இருப்பது நல்லதில்லை என்று அவர் சொல்லிப் பார்த்தார். ஊருக்கு உள்ளதுதான் என் வீட்டுக்கும் என்று நான் பெரிதாகப் பேசினேன். பையன் சம்மதித்தால்தான் என்று சொல்லி அவரே மாடிக்குப் போனார். வெகுநேரம் உள்ளே இருந்தார். இறங்கி வந்து, சரி என்று சொல்லிவிட்டான் என்றார். நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்களிடம் அவன் சரி என்று ஒரு வார்த்தை சொல்லி எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

வாசல் வரைக்கும் கூடப் போய் மெதுவாகச் சொன்னேன். “வீட்டுக்கு ஆள் வார பக்கத்துல போட்டுருங்கம்மா.”

“அது என் கையில இல்ல அண்ணாச்சி. வேற ஊருல கம்ப்யூட்டர் பிரிச்சு அனுப்பும்.”

“அந்தக் கம்ப்யூட்டருகிட்ட யாரு பேசணும்?”

யாரும் பேச முடியாது என்றார். தாசில்தார் முதல் துறைமுக அதிகாரி வரைக்கும் பேசத் தெரிந்தவன் நான். பேச முடியாத இடம் ஒன்று இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

சீட்டு வந்தது. என் மகன் கிளினிக்குக்குப் போய் மாத்திரை வாங்குகிற பக்கம். வீட்டுக்கு யாரும் வர மாட்டார்கள்.

என் மனைவி குழம்பைக் கிண்டிக்கொண்டே கேட்டாள். “ஒங்க காசுல ஊருக்கெல்லாம் முழு வைத்தியம். ஒங்க மவனுக்கு மட்டும் அரை வைத்தியமா?”

“ஏளா, அரையும் இல்ல முழுசும் இல்ல. எது பெருசுன்னு யாருக்கும் தெரியாதுன்னுதானே பாக்காவ.”

“தெரியாததுக்கா காசு கொடுத்திய?”

அவள் கேட்டது சரி போலவும் இருந்தது, தப்புப் போலவும் இருந்தது.

கிளினிக்குக்கு என் பழைய குடோன் ஆபீஸைத்தான் வாடகை இல்லாமல் கொடுத்திருந்தேன். அது என் புக்கிங் ஆபீஸுக்கு நேர் எதிரே இருக்கிறது. திங்கட்கிழமைகளில் கிளினிக் வாசல் பெஞ்சில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். வீட்டுக்கு ஆள் போகிறவர்களுக்கு வேறு நாள் என்று எனக்குச் சீக்கிரமே தெரிந்துபோயிற்று. யாரும் சொல்லவில்லை. கல்லாவில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தே பிழைத்தவனுக்கு இதுகூடத் தெரியாமலா இருக்கும்? ஆக, திங்கட்கிழமை பெஞ்சு முழுக்க என் மகன் பக்கத்து ஆட்கள். என் மகனும் அங்கே வருவான். அவன் அம்மா ஆட்டோவில் கூட்டி வருவாள். நான் இருக்கிற பக்கம் தலையைத் திருப்பாமல் உள்ளே போய்விடுவான்.

ஒரு திங்கட்கிழமை அந்தப் பெஞ்சிலிருந்து ஒரு அம்மா எழுந்து ரோட்டைத் தாண்டி என்னிடம் வந்தாள். அளத்தில் உப்பு வாருகிறவள். மகள் செத்த பிறகு சிரிப்பையும் தூக்கத்தையும் விட்டவள். “அண்ணாச்சி, எதிர்வீட்டுக்காரிக்கு வாராவாரம் ஒரு பிள்ளை வந்து பேசிட்டுப் போகுது. எங்க வீட்டுக்கு மட்டும் யாரும் வரலையே. நாங்க மகமை கொடுக்காத ஆளா?” என்றாள்.

சீட்டு, கம்ப்யூட்டர் என்று ஏதோ சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் பார்வையைப் பார்த்தபோது எனக்கே நான் சொல்வது புளுகுபோல இருந்தது.

இதை வெளியூர்க்காரருக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. கோயில் கொடை முடிந்ததும் கிடாக்கறியைப் பங்கு வைப்போம். வரி கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பங்கு. லாரி முதலாளிக்கும் அதே பங்கு, அளத்துக் கூலிக்கும் அதே பங்கு. எலும்பு, ஈரல் எல்லாம் சரிசமமாக விழ வேண்டும். ஒரு வீட்டுக்கு ஈரல் விடுபட்டாலும் அடுத்த கொடை வரைக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. பல வருஷம் அந்தப் பங்கை வைத்தவன் நான். என் கையால் வைத்த பங்கில் குறை என்று ஒருத்தர் சொன்னதில்லை. அப்படிப்பட்டவனைப் பார்த்து அந்த அம்மா கேட்டுவிட்டாள்.

என் கணக்குப்பிள்ளைக்கு என் வயதுதான். லாரி ஒன்றாக இருந்த காலத்திலிருந்து என்னோடு இருக்கிறார். அவரிடம் சொன்னேன், இந்தப் பக்கத்து ஆட்கள் வீட்டுக்கு நாமே போவோம் என்று. டாக்டர் அம்மா எதிலும் தலையிடக் கூடாது என்று சொல்லியிருக்கிறாரே என்றார் அவர். மருந்தில்தானே தலையிடக் கூடாது, மனுஷன் வீட்டுக்கு மனுஷன் போகக் கூடாதா என்று கேட்டேன். கையை வீசிக்கொண்டு போக முடியாதே என்று ஆளுக்கு ஒரு பொட்டலம் மக்ரூன், எங்கள் ஊர் முந்திரி இனிப்பு, வாங்கினோம். வியாழக்கிழமை சாயங்காலம் லோடு குறைவு. அதனால் வியாழக்கிழமை.

எங்களுக்கு என்ன பயிற்சி இருக்கிறது? உட்காருவோம். காப்பி கொடுப்பார்கள். நான் என் கதையைச் சொல்லுவேன், கூடை சுமந்தது, லாரி வாங்கியது, முதல் லோடில் லாரி கவிழ்ந்தது எல்லாம். கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பிறகு அவர்கள் ஏதாவது சொல்லுவார்கள். கடற்கரைத் தெருவில் சங்கு குளிக்கிற ஒருவர் இருந்தார். கூட முங்கிய ஆள் மேலே வராமல் போனதிலிருந்து அவர் தண்ணீரில் கால் வைக்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அவரிடம் நான் உப்பிலே ஊறி வளர்ந்தவன் என்று சொன்னேன். அதற்குத்தான் முதன்முதலாக வாயைத் திறந்தார்.

“அண்ணாச்சி, நீங்க காஞ்ச உப்பைப் பாத்தவரு. நான் தண்ணியில இருக்க உப்பைப் பாத்தவன். ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லாதிய.”

அன்றைக்கு ஆரம்பித்த சண்டை ஒவ்வொரு வியாழக்கிழமையும் தொடர்ந்தது. அவர் வீட்டுக்காரி எங்களை வழியனுப்பும்போது வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அது எனக்குப் பெருமையாக இருந்தது. சொந்தக் கையால் பங்கைச் சமமாக்கிவிட்டேன் என்று நினைத்தேன்.

முதல் வியாழக்கிழமை சுற்றி முடித்து வந்தபோது ஒரு பொட்டலம் மீதி இருந்தது. கணக்குப்பிள்ளை அதை என் கையில் வைத்தார். “மொதலாளி, இது ஒங்க வீட்டுப் பங்கு” என்றார்.

அடுத்தவர் வீட்டில் வாய் ஓயாதவனுக்கு, என் வீட்டு மாடி அறையில் ஒரு வார்த்தை வரவில்லை. என் கதை அவனுக்குத் தெரியும். சிறுவயதிலிருந்து கேட்டு அலுத்தவன். பொட்டலத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. மற்ற வீட்டிலெல்லாம் ஒரு காப்பி நேரம் உட்கார்ந்தோமே, இங்கே குறைத்தால் பங்கு குறையுமே என்று அப்படியே இருந்தேன். அவன் ஒரு மக்ரூனை எடுத்து வாயில் போட்டான். கரைகிற வரைக்கும் மெல்லவில்லை.

“முந்திரி கம்மி” என்றான்.

கீழே வந்து என் மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த வாரம் வேறு பேக்கரியில் வாங்கினேன். இனிப்பு ஜாஸ்தி என்றான். அதற்கடுத்த வாரம் வேறு. இப்படியே தூத்துக்குடியில் ஒரு பேக்கரி பாக்கியில்லை. குறை சொல்லத்தான் வாயைத் திறப்பான், ஆனாலும் திறப்பான். ஒரு வியாழக்கிழமை நான் போனபோது சவரம் செய்திருந்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நின்றுவிடுமோ என்று பயம்.

இதற்கிடையில் டாக்டர் அம்மாவின் ஆட்கள் அவ்வப்போது எல்லாரையும் கேள்வி கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்கள். தூக்கம் எப்படி, பசி எப்படி, குடி எப்படி என்று. ஒரு நாள் மத்தியானம், லோடு ஏறிக்கொண்டிருக்கிற நேரம், டாக்டர் அம்மா ஆபீஸுக்குள் வந்து என் முன்னால் உட்கார்ந்தார். முகம் சரியில்லை.

“அண்ணாச்சி, வியாழக்கிழமை வியாழக்கிழமை எங்க போறிய?”

சந்தோஷமாகச் சொன்னேன். பெஞ்சு, அந்த அம்மா கேட்ட கேள்வி, மக்ரூன், சங்கு குளிக்கிறவரோடு சண்டை எல்லாவற்றையும் சொன்னேன். பாராட்டுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் ஒரு வாய் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுச் சொன்னார், இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தேறியிருக்கிறது, எதனால் என்று எங்களுக்கு மண்டை காய்ந்தது, கிளினிக் பக்கத்து ஆட்களைக் கேட்டால் ஒவ்வொருவரும் வியாழக்கிழமை என்கிறார்கள் என்று.

“ஒரு பக்கத்துக்கு வீட்டுக்கு யாரும் போகக் கூடாது. அதுதான் அண்ணாச்சி இதுல கணக்கே.”

“எல்லாரும் நல்லாத்தானே இருக்காவ?”

“நல்லாத்தான் இருக்காங்க. எதுனாலன்னு சொல்ல முடியாம ஆயிட்டு.”

“நல்லானா போதாதா?”

“இந்தத் தெருவுக்குப் போதும். அடுத்த ஊருக்கு நான் எதைக் கொடுக்க? மாத்திரையவா, வீட்டுக்குப் போற பிள்ளையவா, ஒங்களையா?”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். தப்பு என் மேலயும்தான், கிளினிக்கை ஒங்க கண்ணுக்கு எதிரே வச்சிருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. முடங்கிக் கிடந்தவன் எழுந்து நடக்கிறான், அதைப் பார்த்து டாக்டர் வருத்தப்படுகிறார். வேறு ஒருவர் இப்படி வந்து என்னிடம் சொன்னால் அவருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைப்பேன்.

அந்த வியாழக்கிழமை என் மகனிடம் சொன்னேன். வேறு யாரிடம் சொல்ல? அவன் படித்தவன். கேட்டுக்கொண்டே இருந்தவன் திடீரென்று சிரித்தான். வெகுநாள் ஷெட்டில் கிடந்த லாரி ஸ்டார்ட் ஆகும்போது முதலில் இருமும் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு.

“ஏலே, என்னல சிரிப்பு?”

“ஒரு ஆராய்ச்சியையே மக்ரூன் கொடுத்துக் கெடுத்துட்டியளேப்பா.”

எப்படிக் கெட்டது என்று விளக்கச் சொன்னேன். அன்றைக்கு என் கையில் இரண்டு பொட்டலம் இருந்தது, ஒன்று பெரிய கடை, ஒன்று பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சின்னக் கடை. எது நல்லது என்று என்னிடம் கேளுங்கள் என்றான். கேட்டேன். சாப்பிடாமலே கையைக் காட்டினான். “இதுன்னு சொல்லணும், அப்படித்தானே? வெலை கூடுனது எதுன்னு ஒங்க மூஞ்சியே சொல்லுதே” என்றான். கண்ணை மூடிக்கொள் என்றேன். நான் மூடி என்ன செய்ய, நீங்க ஒண்ணை முதல்ல நீட்டுதிய, ஒண்ணைப் பதமா எடுக்கிய என்றான். பிறகு மாடிப்படிக்கு வந்து அவன் அம்மாவைக் கூப்பிட்டான். அவனே கூப்பிட்டான். அவள் மூச்சிரைக்க ஏறி வந்தாள். அவனும் நானும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றோம். அவள் பொட்டலத்தைப் பிரித்து, இரண்டு தட்டில் மாற்றி வைத்தாள். எது எது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவளையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டான். இரண்டு பேரும் தின்று பார்த்தோம். இரண்டு பேருமே ஒரே தட்டைக் காட்டினோம். எந்தக் கடை என்று அவளைக் கூப்பிட்டுக் கேட்டோம்.

பஸ் ஸ்டாண்டுக் கடை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த வியாழக்கிழமைகளுக்கு முன்னால் காலமெல்லாம் பெரிய கடையில்தான் வாங்கியவன் நான், வெளியூர் அதிகாரிகளுக்கெல்லாம் அங்கிருந்துதான் போகும். திரும்ப ஒரு தடவை வை என்றேன். திரும்பவும் அதே. “ஏளா, நீ எதுவும் மாத்தி வைக்கலையே?” என்று கேட்டேன். அவள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்த அறையில் மூன்று பேரும் கடைசியாகச் சேர்ந்து இருந்தது எப்போது என்று எனக்கு ஞாபகம் இல்லை.

கொஞ்சம் விளங்கிற்று. கொடுக்கிறவன் கண்ணும் கையும் பேசிவிடுகிறது. அம்பாரத்தில் விற்கிறவனே கையை விட்டு மாதிரி அள்ளிவிட்டான், அந்த விற்கிறவன் நான்தான். சரி. ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி எனக்குள் கிடந்தது. தட்டு காலியான பிறகு கேட்டேன்.

“ஒனக்கு எதுல கொணமாச்சு? மாத்திரையா, வியாழக்கிழமையா?”

அவன் தட்டில் ஒட்டியிருந்த துகளை விரலால் ஒற்றி எடுத்துத் தின்றான்.

“எனக்கு எப்படித் தெரியும்பா? என்னைய மாதிரியே இன்னொருத்தன் இருந்து, மாத்திரை மட்டும் தின்னுருந்தாத்தானே பாக்க முடியும். நீங்க யாரையும் விட்டு வைக்கலையே.”

அன்றைக்கு ராத்திரி முழுக்க இதுதான். அவன் இன்னும் முழுசாகத் தேறவில்லை. நல்ல நாளும் உண்டு, கதவு திறக்காத நாளும் உண்டு. நாளைக்கே மறுபடி விழுந்துவிட்டால் நான் எதைப் பிடித்துக்கொள்ள? மாத்திரையைக் கூட்டச் சொல்லவா, பக்கத்தில் உட்காரவா? பதிலுக்கு என்று பணம் கொடுத்து, அந்தப் பதில் வருகிற வழியில் நானே லாரியைக் குறுக்கே நிறுத்திவிட்டேன். அதே லாரியில்தான் என் மகன் ஏறி வந்தானோ என்னவோ, அதுவும் தெரியாது.

டாக்டர் அம்மா மறுபடியும் முதலிலிருந்து, புது ஆட்களை வைத்துச் செய்ய வேண்டும் என்றார். பழைய ஆட்களுக்கு வைத்தியம் நிற்காது, இனிமேல் அவர்கள் கேட்டால் வீட்டுக்கும் ஆள் வரும், நீங்களும் தாராளமாகப் போகலாம் என்றார். என் மகனிடமும் அந்தப் பெண்ணை அனுப்பவா என்று கேட்டிருக்கிறார். அவன் வேண்டாம் என்றானாம். அப்பா ஒருத்தர் பொலம்பலையே தாங்க முடியல என்றானாம். டாக்டர் என்னிடம் இதைச் சொன்னபோது, அது வசவா பாராட்டா என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

புது ஆட்கள் என்றால் புதுப் பணம். கூட்டம் போட்டோம். மளிகைக்காரர் எதிர்பார்த்தபடியே எழுந்தார்.

“போன தடவை கொடுத்ததுக்குப் பதில் வந்துட்டா அண்ணாச்சி?”

“வரல. வரவிடாமச் செஞ்சது நான்தான்.”

நான் இப்படிச் சொல்லுவேன் என்று அவர் நினைக்கவில்லை. அடுத்த கேள்வி வைத்திருந்தவர் உட்கார்ந்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், மக்ரூன் தட்டு உட்பட. பஸ் ஸ்டாண்டுக் கடை என்றதும் கூட்டத்தில் ஒரே சலசலப்பு, பாதிப் பேர் பெரிய கடைக் கட்சி. கடைசியில் மகமையிலிருந்து பணம் கொடுக்க ஒத்துக்கொண்டார்கள். என் பங்கையும் மறுபடி போட்டேன். முதல் தடவை கொடுத்தபோது, எங்கேயாவது ஒரு ஓரத்தில் பெயர் போடுவார்கள் என்று உள்ளுக்குள் இருந்தது உண்மை. இந்தத் தடவை அதைக் கேட்கவே மறந்துவிட்டேன். பிறகு ஞாபகம் வந்தபோது டாக்டர் போயிருந்தார்.

கிளினிக்கை வேறு தெருவுக்கு மாற்றிவிடவா என்று அவர் கேட்டார். வாடகை வீண் என்றேன். நான் என் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறேன் என்றேன். போட்டுக்கொண்டேன். இப்போது திங்கட்கிழமைகளில் என் முதுகுதான் ரோட்டைப் பார்க்கிறது. முகம் சுவரைப் பார்க்கிறது, சுவரில் சாமி படமும் காலண்டரும்தான். இத்தனை வருஷம் ரோட்டைப் பார்த்துத் தொழில் செய்தவனுக்கு இது பெரிய தண்டனை. எந்த லாரி வருகிறது, எது போகிறது என்று சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறேன்.

போன திங்கட்கிழமை முதுகுக்குப் பின்னால் ஒரு பெண் குரல். யார் என்று தெரியவில்லை, திரும்பவில்லை.

“அண்ணாச்சி, பழைய ஆளுகளுக்கெல்லாம் வீடு தேடி மக்ரூன் வந்துதாமே. எங்களுக்கு மட்டும் ஒங்க முதுகுதானா?”

கறிப்பங்கு என் கண் முன்னால் வந்தது. ஈரல் விடுபட்ட வீடு. வாய் வரைக்கும் வந்துவிட்டது, நாளைக்கு வருகிறேன் என்று சொல்ல. கணக்குப்பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “இல்லம்மா” என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். செருப்புச் சத்தம் ரோட்டைத் தாண்டிப் போனது. நான் சொன்னது சரியா? அந்த வீட்டில் யார் எந்த மூலையில் முடங்கிக் கிடக்கிறார்களோ. பதில் வந்து, அது அவர்களுக்கும் போய்ச் சேருகிற வரைக்கும் அவர்கள் இருக்க வேண்டுமே. டாக்டரிடம் கேட்டேன். இரண்டு பக்கத்துக்கும் வைத்தியம் நடக்கிறது அண்ணாச்சி, யார் நிலைமையாவது மோசமானால் சீட்டைப் பார்க்க மாட்டோம் என்றார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். சொன்ன பிறகும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வியாழக்கிழமை பழைய ஆட்களைப் பார்த்துவிட்டு வந்தோம். சங்கு குளிக்கிறவர் இப்போது கரையில் வலைக்காரர்களோடு உட்காருகிறார், தண்ணீரில் இன்னும் இறங்கவில்லை. வருகிற வழியில் இரண்டு பேக்கரியில் வாங்கினோம். கணக்குப்பிள்ளையிடம் கொடுத்து, கடைப் பெயர் போட்ட அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு வெறும் காகிதத்தில் மடித்துத் தரச் சொன்னேன். அவர் பின்சீட்டில் உட்கார்ந்து மடித்தார். நான் கண்ணாடியில் பார்க்காமல் ரோட்டை மட்டும் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து படியேறினேன். இரண்டு கையிலும் ஒரே மாதிரிப் பொட்டலம், ஒரே கனம். எது எந்தக் கடை என்று எனக்கே தெரியாது. மாடிக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. கையில் இடமில்லாததால் முழங்கையால் தட்டினேன்.

“மூஞ்சியைச் சும்மா வச்சிக்கிட்டு வாங்கப்பா” என்றான்.